ஹெட்மாஸ்டர் ரசப்பொடியிலிருந்து அப்பாவின் பெயரை எடுக்க மாட்டேன்

மயூர் விஹார், தில்லி
18.12.1997

மதிப்பிற்குரிய அண்ணா பாலசுப்ரமணியம் அவர்களுக்கு, தங்கை விசாலாக்ஷி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் இவரும் ஜ்யோத்ஸ்னாவும் சௌக்கியம். திருச்சியில் நீங்களும் மன்னியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். உங்கள் ரத்தக்கொதிப்பு மட்டும் சௌக்கியமாக இல்லை என்றும், அதற்குக் காரணம் நான்தான் என்றும் நீங்களே எழுதிவிட்டதால் அதை விசாரிக்கும் சடங்கை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். தில்லியில் குளிர் வந்துவிட்டது. ரஜாய்ப் போர்வைகளை எடுத்து வெயிலில் போட்டாகிவிட்டது. மரியாதைகள் முடிந்தன, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் இன்லண்ட் லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்தது. வாசலில் நின்றபடியே கிழித்துப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: மன்னியின் தங்கை கணவர், அதாவது உங்கள் ஷட்டகர், போன மாதம் எல்.டி.சி. லீவில் தில்லி வந்தபோது, ஒரு கச்சேரி மேடையில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ரசப்பொடி விற்றதைத் தன் கண்ணால் பார்த்தார். ஒரு பாக்கெட்டும் வாங்கிவந்து உங்களிடம் கொடுத்தார். அதன்மேல் ‘ஹெட்மாஸ்டர் வெங்கடேஸ்வரன் ரசப்பொடி’ என்று அச்சடித்து, அப்பா கோட்டும் அங்கவஸ்திரமுமாக இருக்கிற படத்தைப் போட்டிருப்பதைப் பார்த்ததிலிருந்து உங்களுக்கு நிம்மதி இல்லை. இருபத்தாறு வருஷம் ஹெட்மாஸ்டராக இருந்தவர் பெயரை இப்படியா பயன்படுத்துவது. ஆகவே, ‘அப்பா பெயரை உடனே எடுத்துவிடு.’ அத்துடன் கடிதம் முடிந்துவிட்டது. அடியில் ஆசீர்வாதம்கூட இல்லை. நாற்பத்தைந்து வயதுக்கு ஆசீர்வாதம் எதற்கு என்று நினைத்தீர்களோ என்னவோ. பொங்கி வழிந்த பாலைத் துடைத்தேன். அது ஒரு பத்து நிமிஷம். பிறகு பேனாவைத் தேடினேன். அண்ணா, எடுக்க மாட்டேன். இந்த ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் நீங்கள் ஷட்டகர் வாயால் கேட்ட கதையை என் கையெழுத்திலும் ஒரு தடவை படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் எக்ஸ்போர்ட் கம்பெனியைக் தில்லிக்கு வெளியே குர்காவுக்கு மாற்றினார்கள். மூன்று பஸ் மாறி, போக இரண்டு மணி வர இரண்டு மணி என்று ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வேலையை விட்டேன். வீட்டில் உட்கார்ந்ததும் எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். டைப்பிங், ஷார்ட்ஹேண்ட், ஷிப்பிங் பேப்பர்கள், ரசம். முதல் மூன்றுக்கும் ஒரு கம்பெனி வேண்டும், ரசத்துக்கு ஒரு மிக்ஸி போதும். பொடி அரைத்து, பாக்கெட் போட்டு, எங்கள் மார்க்கெட்டில் உள்ள மளிகைக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பெஹன்ஜி, சாம்பார் மசாலா சல்தா ஹை. ரசம் கௌன் பூச்தா ஹை?” என்றார். சாம்பார் என்றால் ஓடும், ரசத்தை யார் கேட்கிறார்கள் என்பது அவர் கட்சி. இருந்தாலும் என் முகத்துக்காகக் கீழ்த்தட்டில் பினாயில் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்று மாதத்தில் விற்றது ஒரே ஒரு பாக்கெட். அதையும் வாங்கியது இவர், என் மனசு நோகக் கூடாதென்று. ரகசியமாக வாங்கிவந்து ரகசியமாக என்னிடமே ரசம் வைக்கக் கொடுத்தார். முதல் வாயிலேயே பினாயில் வாசனை வந்ததால் ரகசியம் வெளியாகிவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. பாக்கெட்டுக்குள் இருக்கிற பொடியால் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள முடியாது. அது ஜனங்கள் கூடுகிற இடத்தில் கொதிக்க வேண்டும், அவர்கள் மூக்கில் போய் நிற்க வேண்டும். பேப்பரிலும் டி.வி.யிலும் விளம்பரம் கொடுக்க எனக்கு வழியில்லை. ஆனால் தில்லியில் நம்மவர்கள் கூடுவதற்கு ஒரு குறையும் இல்லை. கொலு, கச்சேரி, ஆண்டு விழா, பொங்கல் விழா, ரிடையர்மெண்ட் பார்ட்டி. அங்கே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். நீங்கள் ‘தெருக்கூத்து மாதிரி’ என்று எழுதியிருப்பது இந்த முடிவைத்தான்.

முதலில் போன வருஷ நவராத்திரி. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்குடன் ஆளுக்கு ஒரு சின்னப் பாக்கெட் ரசப்பொடி வைத்துக் கொடுத்தேன். நூற்றைம்பது பாக்கெட், மூன்று நாள் அரைத்தது. வீட்டுக்குப் போய் வைத்துப் பார்ப்பார்கள், பிறகு தேடி வருவார்கள் என்று கணக்கு. நானும் பிறந்ததிலிருந்து நவராத்திரி பார்க்கிறவள்தானே, கொலுவில் கொடுக்கிற ரவிக்கைத் துணியை யாராவது தைத்துப் போட்டுக்கொள்வார்களா? அது அடுத்த வீட்டு மாமிக்குக் கொடுப்பதற்காகவே கொடுக்கப்படுவது. என் பீரோவிலேயே ஒரு மாம்பழ மஞ்சள் துண்டு இருக்கிறது, அது மூன்றாவது முறையாக என்னிடம் திரும்பி வந்திருக்கிறது. இவ்வளவும் தெரிந்த நான், ரசப்பொடிக்கு மட்டும் வேறு விதி என்று நம்பினேன். எட்டாம் நாள் ஜனக்புரியிலிருந்து ஒரு மாமி வந்தாள். பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தாள். என் பாக்கெட்.

“இது புதுசா வந்திருக்காம். ரொம்ப நன்னா இருக்காம். நீயும் வச்சுப் பாரேன், விசாலம்.”

“நீங்க வச்சுப் பாத்தேளா, மாமி?”

“நான் எங்கே வச்சேன். எனக்கு கரோல் பாக்ல குடுத்தா. அவளுக்கு ஆர்.கே.புரத்துல குடுத்தாளாம். நல்ல சாமான்னா எல்லாரும் குடுக்கறாளே.”

அந்தப் பாக்கெட்டின்மேல் நான்கு வீட்டுக் குங்குமம் இருந்தது. மறுநாள் டெலிபோனில் உட்கார்ந்து விசாரித்தேன். நூற்றைம்பதில் ஒன்றைக்கூட ஒருவரும் பிரிக்கவில்லை. எல்லாம் கைமாறி கைமாறி யமுனையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போயிருந்தன. தபாலில் போட்டிருந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது ஜ்யோத்ஸ்னா வந்தாள். காமர்ஸ் படிக்கிறாள் அல்லவா, அவளுக்கு இதில் துக்கப்பட ஒன்றுமே தெரியவில்லை. “அம்மா, சோச்சோ நா. யாருமே சாப்பிடலை, ஃபிர் பி எல்லாருக்கும் நாம் தெரியும்” என்றாள். ‘நாம்’ என்று அவள் சொன்னது பெயரை. அவள் தமிழ் பாதி ஹிந்திதான், நீங்கள் அதற்கு ஒரு தனிக் கடிதம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவள் சொன்னது சரி. ஒருவர் நாக்கிலும் படாமல் அப்பாவின் பெயர் ஒன்பது நாளில் தில்லி முழுவதும் தெரிந்துவிட்டது. இனி நாக்கில் படவைப்பதுதான் பாக்கி. கையில் கொடுத்தால்தானே அடுத்தவருக்குப் போகிறது, கப்பில் சுடச்சுட ஊற்றிக் கொடுத்தால் குடித்துத்தானே ஆக வேண்டும்.

அதற்கு அடுத்தது எங்கள் காலனியின் தீபாவளி மேளா. கீழ்வீட்டு சுஷ்மாதான் ஸ்டால்களுக்குப் பொறுப்பு. நல்ல பஞ்சாபி மனசு, ஆனால் ரசம் என்றால் சாம்பாரின் தங்கை என்று நினைத்துக்கொண்டிருப்பவள். பலூன் சுடுகிற கடைக்கும் பானிபூரியைத்தான் இங்கே சொல்கிற கோல்கப்பா வண்டிக்கும் நடுவில் எனக்கு இடம் கொடுத்தாள். நான் ஸ்டவ்வை ஏற்றினேன், காற்று அணைத்தது. ஏற்றினேன், அணைத்தது. சுஷ்மா தன் வீட்டுப் பெட்ஷீட்டைக் கொண்டுவந்து கட்டினாள், அது பறந்துபோய் பலூன்களின்மேல் விழுந்தது, பலூன்காரர் என்னை ஹிந்தியில் சொன்னதை நான் இங்கே எழுத மாட்டேன். ஒருவழியாக ரசம் கொதித்து வருகிற நேரத்தில் பெட்ஷீட்டைத் துரத்திக்கொண்டு ஓடிய யாரோ இடித்து, கோல்கப்பாக்காரரின் பானி, அதாவது புளிப்புத் தண்ணீர், இருந்த தவலை கவிழ்ந்துவிட்டது. அவர் எதிரில் இருபது பேர் கையில் இலைத் தொன்னையுடன் நிற்கிறார்கள். அவர் என் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். புளிப்பு, காரம், தண்ணீர் மாதிரி ஓட்டம்.

“மேம்சாப், யே பி தோ பானி ஹி ஹை.”

“இல்லை பையா, இது ரசம்.”

“நாம் மே க்யா ரக்கா ஹை. தே தோ.”

இதுவும் பானிதானே, பெயரில் என்ன இருக்கிறது, கொடு என்கிறார். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது என்று நீங்களும் நானும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், அவருக்கு எப்படித் தெரியும். கொடுத்தேன். அண்ணா, நீங்கள் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்: அன்று மாலை மயூர் விஹாரின் பஞ்சாபிகள் அப்பாவின் ரசத்தைக் கோல்கப்பாவில் ஊற்றி முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். ஒரு சர்தார்ஜி பதினான்கு சாப்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாக்கெட்டிலிருந்த படத்தைக் காட்டி, இந்த மாஸ்டர்ஜி யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். உடனே இரண்டு கையையும் கூப்பி அந்தப் படத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். அப்பாவின் ஸ்கூல் நூற்றாண்டு மலரில் அவர் பெயரைத் தப்பாக அச்சடித்தவர்களைவிட, இந்த மனிதர் கொடுத்த மரியாதை குறைவென்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது சுற்றுவட்டாரத்தில் ‘மாஸ்டர்ஜி மசாலா’ என்றால் ரிக்ஷாக்காரர்கூட என் வீட்டைக் காட்டுவார்.

இனி, உங்கள் ஷட்டகர் பார்த்த கச்சேரிக்கு வருகிறேன். அவர் மூன்றாவது வரிசையில் இருந்தார், ஆகவே எல்லாம் நன்றாகவே தெரிந்திருக்கும். எங்கள் கலை மன்றத்தின் ஆண்டு விழா, ஒரு பள்ளிக்கூட ஹாலில். இடைவேளையில் காபிக்குப் பதிலாக ரசம் கொடுக்கிறேன் என்று செக்ரட்டரி சேஷன் சாரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். டிசம்பர் நெருங்குகிற குளிர், எல்லோருக்கும் மூக்கடைப்பு, இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. மேடைக்குப் பக்கத்து அறையில் அடுப்பு. அந்த அறையின் ஜன்னல் வெளியே திறக்கும் என்று நினைத்தேன், அது மேடைப் பக்கம் திறந்தது. பாடகி கண்ணை மூடிக்கொண்டு அனுபல்லவியில் எங்கோ உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் இங்கே நெய்யில் கடுகும் மிளகாய் வற்றலும் பெருங்காயமும் தாளித்தேன். முதலில் மிருதங்கக்காரர் தும்மினார். அதையும் தாளத்தில்தான் தும்மினார். பிறகு வயலின். பிறகு பாடகி அந்த உயரத்திலேயே இருமத் தொடங்கினார். முன்வரிசைகளில் இருந்தவர்களோ வாசனை வந்த திக்கில் எழுந்து வர ஆரம்பித்துவிட்டார்கள். சேஷன் சார் அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

“மேடம், இது கச்சேரியா, கல்யாண சமையலா? பாடறவ இருமிண்டே இருக்கா.”

“தாளிக்காம எப்படி சார் ரசத்தை இறக்கறது?”

“மங்களம் பாடினப்புறம் தாளிச்சிருக்கலாமே.”

“மங்களம் பாடினப்புறம் யார் சார் உக்காந்திருப்பா?”

இது அவருக்கும் தெரிந்த உண்மையாதலால் இன்னும் கோபம் வந்துவிட்டது. மேடையேறி மைக்கில் மன்னிப்புக் கேட்டால்தான் ஆயிற்று என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், சத்தியமாக. மைக் முன்னால் நின்று, “மன்னிக்கணும், இந்த வாசனைக்குக் காரணம் எங்கப்பா” என்று ஆரம்பித்தேன். அடுத்த வரி என்ன என்று எனக்கே தெரியாது. எதிரே இருநூறு முகம். அப்போது என் வாயிலிருந்து வந்ததுதான் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது: “எங்காத்துல ரசம் வச்சது எங்கம்மா இல்லை, எங்கப்பா. அவர் ஹெட்மாஸ்டர்.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு இழுப்பு, விறகுப் புகை ஆகாது. விடியற்காலையில் அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டுவார். தெருப்பக்கம் இருந்த சமையலறை ஜன்னலைச் சாத்திவிடுவார். வாசலில் யாராவது கூப்பிட்டால் கரண்டியை என் கையில் திணித்துவிட்டு, கூடத்தில் போய் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வந்தவர் சாப்பிட்டுவிட்டு, ரசம்னா மாமி கை ரசம்தான் என்பார். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருப்பார். பேப்பர் மட்டும் கொஞ்சம் ஆடும். ஊரில் அவரைப் பார்த்து நடுங்காத பையன் கிடையாது. அப்படிப்பட்டவர் தான் மிக நன்றாகச் செய்த ஒரு காரியத்துக்கு ஒருநாள்கூட நல்ல பெயர் வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார். போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இனியும் எதற்கு ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று மைக்கில் கேட்டேன்.

சரி, தொலைந்தோம் என்று நினைத்தேன். அப்போது நடுவரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். ஓய்வு பெற்ற அண்டர் செக்ரட்டரி, மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

“முப்பத்தொரு வருஷம் மினிஸ்ட்ரியில ஃபைல் பாத்தேன். எங்காத்துல வத்தக்குழம்பு நான்தான்.”

அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தார். “உக்காருங்கோன்னா, மானம் போறது.”

“போகட்டும்டி. முப்பத்தொரு வருஷமா எல்லாரும் உன்னைத்தானே புகழறா.”

அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஒருவர் அடை என்றார், ஒருவர் மோர்க்குழம்பு என்றார், கடைசி வரிசையில் ஒரு பாங்க் மேனேஜர் எழுந்து, தனக்கு வெந்நீர் வைக்க மட்டும் தெரியும், ஆனால் அதைத் தினமும் தான்தான் வைப்பதாகச் சொன்னார். பாடகி மேடையிலிருந்தே ஒரு கப் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடினார். கொண்டுபோன பொடி முழுவதும் அங்கேயே தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வரும்போது ஜ்யோத்ஸ்னா ஆட்டோவில் சொன்னாள்: “அம்மா, பொடி தோ சப் விக்கறா. நீ தாத்தாவோட கஹானி சொல்லற. வஹி உன் பிராண்ட்.”

பொடியை எல்லோரும் விற்கிறார்கள், தாத்தாவின் கதைதான் என் பிராண்டாம். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது, அண்ணா. உங்களுக்கு எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை, இரண்டு நாள் நான் பொடி அரைக்கவில்லை. அப்பாவை விற்கிறேனா என்று யோசித்தேன். அவர் சாத்திவைத்த ஜன்னலை, அவரைக் கேட்காமல் திறந்துவிட்டேனே. உயிரோடு இருந்திருந்தால் ஹாலை விட்டு எழுந்து போயிருப்பாரா? போயிருக்கலாம். வாசல்வரை போய் அங்கே நின்று, குடித்துவிட்டு ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார் என்றும் தோன்றியது. எனக்குத் தெரிந்த அப்பா இரண்டாவது காரியத்தைத்தான் செய்வார். அது போதும் என்று மூன்றாம் நாள் மிக்ஸியைப் போட்டேன்.

உங்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அப்பா சமையலறையில் நின்றார் என்பது நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது, அதுதானே. நீங்கள் அதை எழுதவில்லை, ஆனால் எழுதாததையும் படிக்கத் தெரிந்தவள் நான். ஆண்பிள்ளை கரண்டி பிடித்தால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். மன்னி காய்ச்சலில் கிடந்தாலும் ஓட்டலிலிருந்து எடுப்புச் சாப்பாடு வரவழைப்பீர்களே தவிர, அடுப்படிப் பக்கம் தலைவைத்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்டவர் எனக்கு அப்பாவின் மானத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம்.

மேலும் ஒன்று. ஷட்டகர் சொல்லியிருப்பார், இருந்தாலும் என் வாயாலும் கேளுங்கள். வருகிற பொங்கலன்று மாலை எங்கள் மன்றத்தில் ‘ஹெட்மாஸ்டர் ரசப்பொடி வழங்கும் ரசப் போட்டி’. ஆண்கள் மட்டும். மேடையில், எல்லோர் முன்னிலையிலும், ஜன்னலைச் சாத்தாமல். மனைவிமார் அடுப்புக்குப் பத்தடி தூரத்தில் நிற்க வேண்டும், கண்ணால் ஜாடை காட்டக்கூடாது என்பது விதி. இதுவரை பதினோரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் சேஷன் சாரும் ஒருவர். அவருடைய ஒரே நிபந்தனை, அடுப்பை ஜன்னலிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது. மேடைக்குப் பின்னால் அப்பாவின் படம் ஆறடி உயரத்துக்குத் துணியில் எழுதி வருகிறது. நீங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் அந்தப் படம் இறங்காது. பாக்கெட்டிலிருந்து பெயர் போகாது. உங்களுக்கு எவ்வளவு அப்பாவோ எனக்கும் அவ்வளவு அப்பா. நீங்கள் அவர் இனிஷியலை வைத்துக்கொண்டீர்கள், அதற்கு என்னைக் கேட்டீர்களா? எனக்குக் கல்யாணத்தோடு அதுவும் போய்விட்டது. ரசப்பொடிப் பாக்கெட்டிலாவது அவர் பெயரோடு இருந்துவிட்டுப் போகிறேன்.

மன்னிக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். இவர் உங்கள் க்ஷேமத்தை விசாரித்ததாக எழுதச் சொன்னார். உங்கள் ஆசீர்வாதத்தை நீங்கள் அனுப்பாவிட்டாலும் வந்து சேர்ந்ததாகவே எடுத்துக்கொண்டு, மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடும்படி கேட்டுக்கொள்ளும்,

சொன்ன பேச்சைக் கேட்காத தங்கை
விசாலாக்ஷி

பி.கு.: கவரில் போட்டு விலாசம் எழுதும்போது உங்கள் புது வீட்டின் பின்கோடு தெரியவில்லை. உங்கள் இன்லண்ட் லெட்டரில் பார்க்கலாம் என்று எடுத்தால் அந்தப் பகுதியையே காணோம். செவ்வாய்க்கிழமை கிழித்த வேகத்தில் அனுப்புநர் விலாசம் இருந்த மடிப்பு தனியாக வந்துவிட்டிருக்கிறது. வீடெல்லாம் தேடியதில், இவர் அதை டெலிபோன் டைரக்டரிக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்தார். “முழுசாப் படிச்சியான்னு அன்னிக்கே கேட்டேனே” என்கிறார். கேட்டது உண்மைதான். மடிப்பைத் திருப்பினால், இடம் போதாமல் நுணுக்கி நுணுக்கி நீங்கள் எழுதிய பதினோரு வரி. ‘இல்லாவிட்டால் ஒழுங்காகப் பண்ணு. அப்பா பொடியில் துவரம்பருப்பு போடவே மாட்டார், பருப்பு ஜலம் தனியாக விடுவார். வாயில் வைத்ததும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. உனக்கு முன்னால் அந்தக் கரண்டியைப் பிடித்தவன் நான். இன்றைக்கும் நம் ஆத்தில் ரசம் நான்தான், மன்னியைக் கேட்டுக்கொள். போட்டியில் என் பெயரையும் சேர். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பன்னிரண்டாம் தேதி வருகிறேன். பொடி நானே கொண்டுவருவேன். ஆசீர்வாதம்.’

ஆக, நீங்கள் எழுதாத வரிகளுக்கெல்லாம் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன். எடுப்புச் சாப்பாட்டை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றதைக் கிழிக்க மனம் வரவில்லை, ஒரு பகல் முழுவதும் எழுதியது. உங்களுக்குப் பொருந்தாத இடங்களை ஷட்டகரிடம் படித்துக் காட்டுங்கள், அவருக்குப் பொருந்தும். துவரம்பருப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நீங்கள் காலேஜுக்குப் போன வருஷம்தான் கரண்டி என் கைக்கு வந்தது. அம்மாவுக்கு இழுப்பு அதிகமாகி, காலையில் பருப்பு வேகவைக்க நேரமில்லாமல் அப்பா அதை வறுத்துப் பொடியிலேயே சேர்த்துவிட்டார். நீங்கள் லீவுக்கு வரும்போது மட்டும் பழையபடி வைத்திருப்பார். உங்களுக்குத் தெரிந்த ரசம் வேறு, எனக்குத் தெரிந்தது வேறு. இரண்டையும் வைத்தவர் ஒருவர்தான் என்பதால் பெயர் அப்படியேதான் இருக்கும். போட்டியில் வேறு பொடிக்கு இடமில்லை, விதி எழுதியவள் நான். ஆனால் போட்டி முடிந்ததும் கடைசி நிகழ்ச்சியாக ‘ஹெட்மாஸ்டர் ரசம்: மகனா, மகளா?’ என்று மேடையில் இரண்டு அடுப்புப் போடச் சொல்லி சேஷன் சாரிடம் இப்போதுதான் போனில் பேசினேன். நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது, உங்கள் கல்யாண ஆல்பத்துப் படத்துடன், ஆகவே ரயிலைத் தவற விட வேண்டாம். அடுப்பு உங்களுக்குத் தனி. மைக் மட்டும் என்னிடம்தான் இருக்கும்.